பெயரைச் சொல்லவில்லை: பல்லடம் பக்கத்துக் குழு சிகிச்சை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

லேசான பதற்றமும் மனச்சோர்வும் உள்ள பெரியவர்களுக்காக நானும் என் சக ஆலோசகரும் பத்து வாரக் குழு ஒன்றை நடத்தினோம். நான்காவது வாரம் அறைக்குள் பேசியது அடுத்த சில நாட்களில் வெளியே போய்விட்டது. அது எப்படிப் போனது, நாங்கள் என்ன முடிவெடுத்தோம், அதற்குப் பிறகு யாருக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்துப் பார்த்துச் சம்மதித்திருக்கிறார்கள். வயது, தொழில், ஊர் விவரங்களை மாற்றியிருக்கிறேன். தறிகளின் எண்ணிக்கையைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அது ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பின்னணி

எங்கள் ஆலோசனை மையம் பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் இடையில் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி வேலை, மீதிப் பேர் தறி, தோட்டம், சின்னக் கடை. "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை கிறுகிறுங்குது, கேஸ் மேலே ஏறுது, தூக்கம் வரலீங்க என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஈசிஜி எடுத்திருப்பார்கள், ஸ்கேன் எடுத்திருப்பார்கள், கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியிருப்பார்கள். கடைசியில் ஏதோ ஒரு டாக்டர் எங்களிடம் அனுப்பியிருப்பார்.

ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்கும்போது திரும்பத் திரும்ப ஒரே வாசகத்தைக் கேட்டோம்: "எனக்கு மட்டுந்தானுங்க இப்புடி." காலையில் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார், மதியம் இன்னொருவர் அதையே சொல்வார். இவர்களை ஒன்றாக உட்கார வைத்தால் அந்த "மட்டும்" கொஞ்சமாவது தளரும் என்று நினைத்தோம். குழு தொடங்கக் காரணம் அதுதான்.

ஆள் தேர்வுக்கு இரண்டு கேள்வித் தாள்களைப் பயன்படுத்தினோம். மனச்சோர்வுக்குப் பிஎச்கியூ-9: ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம். பதற்றத்துக்கு ஜிஏடி-7: ஏழு கேள்விகள், மொத்தம் 21, அதிலும் 5 முதல் 9 வரை லேசானது. தாளைக் கையில் கொடுக்காமல் நாங்களே வாசித்துக் கேட்டோம். பிஎச்கியூவின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யத்துக்கு மேல் பதில் சொன்ன ஒருவரைக் குழுவில் சேர்க்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கடைசியில் எட்டுப் பேர் தேறினார்கள். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள்.

நேரமும் இடமும்

முதலில் ஞாயிறு காலை பதினோரு மணி என்று வைத்தோம். இரண்டு பேர்தான் வந்தார்கள். இந்தப் பக்கம் சனிக்கிழமை சம்பள நாள். ஞாயிறு காலையில் கறிக்கடை, துணி துவைப்பு, சந்தை என்று ஆயிரம் வேலை. வார நாளில் வைத்தால் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு அரை ஷிஃப்ட் கூலி போய்விடும். அதனால் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மாற்றினோம். மாசி, பங்குனி வெயிலில் மூன்று மணிக்கு மாடி அறையில் உட்காருவது கொடுமைதான், ஆனாலும் எட்டுப் பேரும் வந்தார்கள்.

மாடி அறை என்பதும் யோசித்து எடுத்த முடிவு. எங்கள் மையத்தின் வாசலில் "மனநல ஆலோசனை" என்று பலகை இருக்கிறது. அதன் கீழே நுழையத் தயங்கி, எதிர்க் கடையில் நின்று ஆள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். குழுவுக்காக ஒரு தட்டச்சுப் பயிலகம் இருக்கும் கட்டடத்தின் மாடியை எடுத்தோம். அந்தப் படியில் யார் ஏறினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் நாளே 14416 என்ற எண்ணை அச்சிட்ட சின்ன அட்டையைக் கொடுத்தோம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் அது. நாள் முழுக்க இயங்கும், தமிழிலும் பேசலாம். பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஓர் அம்மா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பர்ஸுல இருந்தா என்ற மகன் பார்த்துருவானுங்க." எண்ணை வேறு பெயரில் போனில் பதிந்து கொடுத்தோம். அன்று அதை ஒரு சின்னச் சிக்கலாக மட்டுமே பார்த்தேன். அந்த அம்மா எங்களுக்குச் சொன்ன விஷயம் அதைவிடப் பெரியது.

நாங்கள் வைத்த விதி

முதல் கூட்டத்தில் ஒரு பக்க ஒப்பந்தத்தை வாசித்துக் கையெழுத்து வாங்கினோம். அதன் மூன்றாவது வரி: "இங்கே பேசியதை யார் பெயரையும் குறிப்பிட்டு வெளியே சொல்லக் கூடாது. மீறுபவர் குழுவிலிருந்து விலக வேண்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. அதைக் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்கள்மேல் சுமத்துகிறது. அருகில் உட்கார்ந்திருக்கும் சக உறுப்பினரை அது கட்டுப்படுத்துவதில்லை. அவர்களைக் கட்டுவது அந்த ஒரு வரிதான். அந்த வரியை எழுத நாங்கள் ஐந்து நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை.

முதல் நான்கு வாரங்கள்

தறி வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டியவர். பாவும் ஊடையும் ஜவுளிக்காரரிடம் வாங்கி, மீட்டர் கணக்கில் கூலிக்கு நெய்து கொடுப்பவர். எட்டுத் தறி ஓடிய இடத்தில் நான்கைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டிருந்தார். சத்தம் பாதியாகக் குறைந்த அந்த இரவிலிருந்து தூக்கம் போனது என்றார். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அமைதிதான் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. பிஎச்கியூ மதிப்பெண் 8.

முதல் கூட்டத்திலேயே அவர் கேட்டார்: "இப்புடிக் கூட்டமா உட்கார வெச்சு வைத்தியம் பண்றது எங்கிருந்துங்க வந்துச்சு?" 1905-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்கார வைத்துப் பேசியதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அவீங்களையும் ஊரு ஒதுக்கி வெச்சிருக்குமில்லீங்க" என்றார். அறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். குழு அந்த இடத்தில்தான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நாளைத் திட்டமிடுவதைப் பழக்கினோம். மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், விட்டுப்போன ஒரு சின்னச் செயலை முதலில் திரும்பத் தொடங்குவது. அது நடந்தால் மனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வரும். மனச்சோர்வுக்கு நன்றாகப் பலன் தரும் எளிய முறைகளில் இது ஒன்று. தறிக்காரர் விட்டிருந்தது பேக்கரியை. இங்கே டீக்கடை என்றால் பேக்கரிதான், ஆண்களின் பாதிப் பொழுது அங்கேதான் கழியும். போனால் "தறி எப்புடிங்க ஓடுது?" என்று கேட்பார்கள் என்பதற்காக ஏழு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. காலை ஐந்தரைக்கு, கூட்டம் சேரும் முன்பு போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவது என்று முடிவு செய்தார். மூன்று நாள் போனதாக அடுத்த வாரம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

தையல் அம்மாவுக்குப் பேருந்தில் ஏறினாலே நெஞ்சு அடைக்கும். மார்புத் துடிப்பு ஏறும்போது அதை ஆபத்து என்று மனம் படித்துக்கொள்கிறது, அந்தப் பயத்தில் துடிப்பு இன்னும் ஏறுகிறது என்று விளக்கி, ஒரு நிறுத்தம் மட்டும் போய் இறங்குவது, அப்புறம் இரண்டு நிறுத்தம் என்று படிப்படியாக ஏற்றினோம்.

நான்காவது வாரம் தறிக்காரர் இன்னொன்றையும் சொன்னார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பாதித் தறியை விற்றது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது, அதை எப்போது எப்படிச் சொல்வது என்பதே இப்போது பெரிய பாரம். சொல்லும்போது அழுதார். அருகிலிருந்த தோட்டத்து ஆத்தா, அறுபது தாண்டியவர், அவர் பக்கம் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். நல்ல கூட்டம் என்று எங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

வெளியே போனது

அந்தச் சனிக்கிழமை இரவு தறிக்காரர் என் சக ஆலோசகருக்குப் போன் செய்தார். "என்ற கதை சம்பந்தி ஊடு வரைக்கும் போயிருச்சுங்க. நாளைக்கு நான் வரலீங்க." ஒரு காதுகுத்து விசேஷத்தில் யாரோ அவர் மனைவியிடம், "உங்க ஊட்டுக்காரரு ஏதோ மனசுக்கு வைத்தியம் பார்க்கறாராமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை, நாங்கள் யார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, குழுவில் இருந்த முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் தானாகவே அழைத்தார். கூட்டுக் குடும்பத்தின் இளைய மருமகள். விசேஷத்தில் பேச்சு ஓடியதை அவரும் கேட்டிருக்கிறார்.

"நான் பேரைச் சொல்லலீங்க" என்றுதான் ஆரம்பித்தார். அது உண்மை. ஞாயிறு தவறாமல் எங்கே போகிறாய் என்று மாமியார் நெருக்கியிருக்கிறார். கிளாஸ் என்று சொல்லிப் பார்த்தார், நம்பவில்லை. தனக்கென்று ஒரு குறை இருப்பதாகக் காட்டிக்கொள்ள முடியாத வீடு. அதனால், பெரிய பெரிய ஆட்களே வருகிற இடம்தான் என்று காட்டுவதற்காக, "எட்டுத் தறி வெச்சிருந்தவரு, நாலை எடைக்குப் போட்டவரு, அவரே வந்து உட்கார்றாருங்க" என்று சொல்லியிருக்கிறார். பழி பேசும் எண்ணமோ வம்பு பேசும் ஆசையோ அதில் இல்லை. தன் கதையைக் காப்பாற்ற இன்னொருவர் கதையை எடுத்து முன்னால் வைத்தார்.

எங்கள் விதி பெயரைத்தான் தடுத்திருந்தது. எட்டுத் தறியில் நான்கை விற்றவர் என்றால் பத்து மைல் சுற்றளவுக்கு அதுவே பெயர்.

எடுத்த முடிவுகள்

அடுத்த கூட்டத்துக்கு ஐந்து மணி நேரமே இருந்தது. அதை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். எல்லோரையும் அழைத்து, "குழுவில் பேசிய ஒன்று வெளியே போயிருக்கிறது, அதைப் பற்றிப் பேச ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொன்னோம்.

ஒப்பந்தப்படி அந்தப் பெண் விலக வேண்டும். என் சக ஆலோசகரின் கருத்தும் அதுதான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: விதியை முதல் முறையே தளர்த்தினால், மற்ற ஆறு பேர் எதை நம்பிப் பேசுவார்கள்? நான் ஒப்புக்கொள்ளவில்லை. விலக்கினால் மற்றவர்கள் கற்றுக்கொள்வது, தவறு செய்தால் மறைத்துவிட வேண்டும் என்பதுதான். அவர் தானாக முன்வந்து சொன்னவர். அதைவிட முக்கியம், அவரிடம் "எங்கே போகிறாய்" என்ற கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை நாங்கள் கொடுக்கவே இல்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்த தையல் அம்மா முதல் நாளே இதைத்தான் காட்டியிருந்தார். கோவையில் உள்ள எங்கள் மூத்த ஆலோசகரிடம் இரண்டு பக்கத்தையும் வைத்தோம். ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, முடிவைத் தறிக்காரரிடம் முதலில் கேட்காமல் எடுக்கக் கூடாது என்றார். அது எங்கள் இருவருக்குமே தோன்றாத ஒன்று.

புதன்கிழமை தறிக்காரரைத் தனியாகச் சந்தித்தோம். யார் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொன்னவரே வந்து ஒப்புக்கொண்டிருக்கிறார், அவரைக் குழுவில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்கிறோம் என்றோம். "விலக்கறதுனால எனக்கு என்னங்க ஆகப் போகுது. நான் வருவனான்னு தெரியலீங்க. அவீங்க இருக்கட்டும்" என்றார். வாராவாரம் அவரைத் தனியாகப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்தோம்.

அந்தப் பெண்ணிடம், குழுவில் அவரே சொல்ல விரும்பினால் சொல்லலாம், கட்டாயம் இல்லை என்றோம்.

ஐந்தாம் கூட்டம்

தறிக்காரர் வரவில்லை. உட்கார்ந்த உடனே அந்தப் பெண், "நாந்தானுங்க சொன்னது" என்றார். நடந்ததை அப்படியே சொன்னார்.

தோட்டத்து ஆத்தா, "கேட்கறவிய வாய நாம மூட முடியுமா, கண்ணு" என்றார். தையல் அம்மா எதுவும் பேசவில்லை. ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் இளைஞர், இருபத்தொன்பது வயது, நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் இன்னிக்கு ஒரு விஷயம் சொல்லலாம்னு வந்தேன் சார். இனி எப்படிச் சொல்றது?" என்னிடம் நல்ல பதில் இல்லை. உங்கள் கோபம் நியாயமானது, அது தீரும்வரை எதையும் சொல்ல வேண்டாம் என்றேன். கூட்டம் முடியும்வரை இருந்தார். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

இதை நான் அழுத்தமாகப் பதிவு செய்ய வேண்டும். தறிக்காரரையும் அந்தப் பெண்ணையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிய நாங்கள், மற்ற ஆறு பேருக்குப் போனில் ஒரு வரி மட்டும்தான் சொல்லியிருந்தோம். அவர்களில் யார் எதைச் சொல்லக் காத்திருந்தார்கள் என்று கேட்கவே இல்லை.

ஆறாம் கூட்டம்: பதில் தயாரித்தல்

அந்தக் கூட்டத்தில் மூச்சுப் பயிற்சி, மனதில் ஓடும் எண்ணங்களை எழுதிப் பார்க்கும் சிந்தனைப் பதிவு எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு ஒரே வேலை செய்தோம். உங்களை யார் கேட்பார்கள், எந்த இடத்தில் கேட்பார்கள், அப்போது என்ன சொல்வீர்கள்? ஒருவர் மாமியாராகவும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரராகவும் மாறி மாறிக் கேட்க, மற்றவர் பதில் சொல்ல வேண்டும்.

தையல் அம்மாவின் பதில்: "பிரஷருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தர்றாங்க." பொய்யில்லை, பாதி உண்மை. தோட்டத்து ஆத்தா, "மனசு விட்டுப் பேசப் போறேன், நீயும் வர்றியா?" என்றே கேட்டுவிடுவேன் என்றார். அவர் வயதுக்கும் தைரியத்துக்கும் அது சரி. இளைய மருமகளுக்குத்தான் நேரம் பிடித்தது. முதல் பதிலை மாமியார் நம்பவில்லை என்றால் இரண்டாவது கேள்வி வரும், மூன்றாவதும் வரும். ஐந்தாறு முறை நடித்துப் பார்த்த பிறகு அவரே கண்டுபிடித்தார்: "தூக்கம் வர்றதில்லீங்க அத்தை, டாக்டரு போகச் சொன்னாரு. அங்க இருக்கறவங்களப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." தன் குறையைச் சிறிய அளவில் ஒப்புக்கொள்வது அவருக்கு அதுவரை முடியாத காரியம். மறைக்க வேண்டிய அவசியத்தால்தான் அவருடைய பதற்றம் வளர்ந்துகொண்டிருந்தது என்பதால், இந்த ஒத்திகையே அவருக்குச் சிகிச்சையாகவும் ஆயிற்று.

திருமண மண்டபத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் எழுந்தது. மூன்று முகூர்த்தத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பார்கள். பார்க்காத மாதிரி போவது என்று நாங்கள் முன்மொழிந்தோம், அவர்கள் சிரித்துவிட்டார்கள். இங்கே மண்டபத்தில் முன்பின் தெரியாதவரைப் பார்த்தாலும் "வாங்க" என்பதுதான் வழக்கம், பேசாமல் போனால்தான் சந்தேகம் வரும். "வாங்க" என்று சொல்வது, அதற்கு மேல் எதுவும் கேட்காமல் நகர்ந்துவிடுவது என்று அவர்களே விதி செய்தார்கள். ஒப்பந்தத்தையும் அன்றே திருத்தினோம். "பெயரை" என்ற சொல்லை நீக்கிவிட்டு, "ஊர், தொழில், குடும்பம், நடந்த சம்பவம் எதையும்" என்று எழுதினோம். விலக வேண்டும் என்ற வரிக்குப் பதிலாக, "தவறிச் சொல்லிவிட்டால் அன்றே எங்களிடம் தெரிவிக்க வேண்டும்" என்று வைத்தோம்.

பிறகு நடந்தவை

தறிக்காரர் ஏழாம் கூட்டத்துக்கு வந்தார். அந்தப் பெண் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் தலையை மட்டும் அசைத்தார், கூட்டம் முழுக்கப் பேசவில்லை. படியிறங்கும்போது, "அடுத்த வாரம் வர்றேனுங்க" என்றார். எட்டாம் வாரம், தறி விற்றதைச் சம்பந்தி வீட்டில் தானே நேரில் போய்ச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அந்தச் சம்பந்தம் கூடவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவர் அதை நம்பினாரா என்று நான் கேட்கவில்லை.

எட்டுப் பேரில் ஆறு பேர் பத்து வாரத்தையும் முடித்தார்கள். மெர்ச்சண்டைசரைத் தவிர விலகிய இன்னொருவருக்கு வேலை நேரம் ஒத்துவரவில்லை. தையல் அம்மாவின் ஜிஏடி மதிப்பெண் 9-லிருந்து 4-க்கு இறங்கியது, திருப்பூர் வரை பேருந்தில் தனியாகப் போகிறார். இளைய மருமகளுக்கு 8-லிருந்து 5. தறிக்காரரின் பிஎச்கியூ ஆறாம் வாரத்தில் 11 வரை ஏறி, முடிவில் 7-க்கு வந்தது. தொடங்கிய 8-க்கும் முடிந்த 7-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் குழுவால் குணமானார் என்று நான் சொல்ல மாட்டேன். குழுவால் நேர்ந்த காயத்திலிருந்து மீண்டு, தொடங்கிய இடத்துக்கு வந்திருக்கிறார் என்பதே சரியான கணக்கு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மதிப்பெண் 5. காலை ஏழு மணிக்கு, கூட்டம் இருக்கும்போதே பேக்கரிக்குப் போகிறார்.

இப்போது மாற்றியிருப்பவை

சேர்க்கும் முன்பு நடக்கும் தனிச் சந்திப்பில் இப்போது மூன்று கேள்விகள் கூடியிருக்கின்றன. சொந்தபந்தம் எந்தெந்த ஊரில், வேலை யாரிடம், வீட்டில் உங்களை எங்கே போகிறாய் என்று கேட்பவர் யார். ஒரே விசேஷத்தில் சந்திக்கக்கூடியவர்கள் என்று தெரிந்தால் இரண்டு குழுக்களாகப் பிரித்துவிடுகிறோம். பதில் ஒத்திகை முதல் கூட்டத்துக்கு வந்துவிட்டது, ஒப்பந்தக் கையெழுத்து அதற்குப் பிறகுதான். சம்பந்தம், கடன், சொத்து போன்ற, வெளியே போனால் உடனே நஷ்டம் தரக்கூடிய விஷயங்களை யாராவது தொடங்கினால், அந்த இடத்தில் மெதுவாக நிறுத்தி, இதைக் குழுவில் சொல்வதா தனியாகச் சொல்வதா என்று கேட்கிறோம். இது பேச்சின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று என் சக ஆலோசகர் நினைக்கிறார். கெடுக்கத்தான் செய்கிறது. நான்காவது வாரம் அப்படி ஒரு முறை கெடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏதாவது வெளியே போய்விட்டால், அடுத்த கூட்டத்துக்கு முன் எல்லோரையும் தனித்தனியாக, நேரில் பார்ப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

மெர்ச்சண்டைசர் எங்களிடம் நான்கு முறை தனி ஆலோசனைக்கு வந்தார். அன்று சொல்ல வந்த விஷயத்தை மூன்றாவது முறை சொன்னார். அடுத்த குழு தொடங்கும்போது சேர விருப்பமா என்று கேட்டோம். யோசிக்கிறேன் என்றவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "அந்தக் குழுவுல எங்க ஊர்ப் பக்கம் யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டார். பட்டியலைச் சரிபார்த்துவிட்டு, இல்லை என்று சொல்ல முடிந்தது.